பேச வந்தவருக்குக் கட்டிய வெள்ளைக் கொடி

வவுணதீவு,
வெள்ளிக்கிழமை.

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

மைத்துனன் அழகரத்தினம் வணக்கத்துடன் எழுதுவது. நீங்களும் அக்காவும் நலமென்று நம்புகிறேன். என் நலத்தை விசாரிக்க வேண்டாம், அது கைவசம் இல்லை.

என் மனிசி கண்ணகை போன பிறகு, வீட்டில் பேச ஆளில்லாமல்தான் வாசிகசாலையில் மாதாமாதம் ‘அறிஞரோடு ஒரு மாலை’ நடத்தி வந்தேன். நட்சத்திரங்களைப் பற்றிப் பேச வந்தவருக்கு நான்கு பேர், மூளையைப் பற்றிப் பேச வந்தவருக்கு மூன்று பேர், அதிலும் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர். இந்த முறையும் ஆள் வராவிட்டால் மண்டபத்தைத் தையல் வகுப்புக்குக் கொடுப்போம் என்று நிர்வாகத்தார் சொல்லிவிட்டார்கள். ஆகவே வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் மெய்யியல் படிப்பிக்கும் கலாநிதி மேனுகாவை அழைத்து, ஒலிபெருக்கி ஓட்டோ வைத்திருக்கும் ஏறாவூர் றிஸானிடம் அறிவித்தல் எழுதிக் கொடுத்தேன். ஒருவரை ஊருக்கு அறிமுகப்படுத்த எனக்குத் தெரிந்தது ஒரே வழிதானே: ‘தன்னாமுனையைப் பிறப்பிடமாகவும் செங்கலடியை வசிப்பிடமாகவும் கொண்ட கலாநிதி மேனுகா அவர்கள்...’ றிஸான் அதை மரண அறிவித்தலென்றே எண்ணி, சோகப் புல்லாங்குழலும் போட்டு ஊரெல்லாம் சுற்றியிருக்கிறார்.

நேற்று நான்கு மணிக்கு நூற்றைம்பது பேர். ஒழுங்கை முழுக்க வெள்ளைக் கொடி, வாசலில் வெற்றிலைத் தட்டம், யாருக்கென்று தெரியாமலே அழுகிற பெண்கள். அந்த நேரம் பார்த்துக் கலாநிதி ஸ்கூட்டியில் வந்து இறங்கி, “ஆருக்கு என்ன நடந்த?” என்று கேட்டார்.

“உங்களுக்குத்தான் மிஸ்” என்றார் றிஸான்.

தேத்தண்ணி ஊற்றியாகிவிட்டதால் யாரும் போகவில்லை. ‘இருப்பது என்றால் என்ன’ என்று கலாநிதி இருபது நிமிடம் பேசினார். முடிந்ததும் என் பக்கத்து வளவுப் புஸ்பம் எழும்பினாள்.

“புள்ள, என்ட மகன் வயலுக்குப் போனவன், பதினெட்டு வருசமாத் திரும்பல்ல. அவன் இரிக்கானா இல்லையா எண்டு ஒருத்தரும் சொல்றாங்க இல்ல. உங்கட படிப்பில இதுக்கு என்ன சொல்லுவாங்க?”

கலாநிதி “தெரியல்லம்மா” என்று சொல்லிவிட்டு, போய் அவள் பக்கத்தில் பாயில் இருந்தார். கூட்டம் அத்தோடு முடிந்தது.

எனக்கு வெட்கமாயிருக்கிறது அத்தான். மூன்று வருடமாக எங்கெங்கிருந்தோ அறிஞர்களைக் கூட்டி வந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. போதும். நீங்கள் பலமுறை சொன்னபடி உங்கள் வெள்ளவத்தை வீட்டுக்கே வந்துவிடுகிறேன், மாடியறையைக் கூட்டி வையுங்கள். மண்டபத்தில் தையல் மெசின் ஓடட்டும்.

மாமாங்கேஸ்வரர் உங்கள் இருவரையும் நோய்நொடியில்லாமல் வைத்திருக்கட்டும். என்னை அவர் மறந்து கனகாலம்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்
அழகரத்தினம்

பி.கு.: உறையை ஒட்டுமுன் கலாநிதி புஸ்பத்தையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். வரும் வியாழன் அவர் பேசமாட்டாராம், புஸ்பம் பேச அவர் கேட்பாராம். புஸ்பம் தன்னைப் போலப் பதினொரு தாய்மாரைக் கூட்டி வருகிறாள். றிஸானுக்குச் சொல்லவா என்று கேட்டேன். “எங்கட புள்ளையளுக்கு அந்த அறிவித்தல் வேணாம்” என்றாள். மாடியறையை வேறு யாருக்காவது கொடுங்கள் அத்தான். மண்டபத்தில் இருப்பது ஆறு பாய்தான், நான் பாய் தேடப் போகிறேன்.