பூஜ்யம் அனுப்பிய ஊர்

மரியாதைக்குரிய அத்தானுக்கு, உங்கள் மைத்துனன் தாழ்மையுடன் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம், அங்கு எப்படி என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன். அங்கு எப்படி என்பது எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். அக்காவுக்குக் காய்ச்சல் இறங்கியதா? உங்கள் தொண்டை திறந்ததா? அப்பாவுக்கு மூச்சு வாங்குவது குறைந்ததா? முந்தாநாள் காலையில் அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்து, "மாப்ள, நாட்டுக்கே காய்ச்சல் கணக்கு வச்சிருக்கற ஆளு, எங்க ஊர்ல ஒண்ணுமே இல்லைன்னு சொல்லித்தான பெரியவரை பஸ் ஏத்திவிட்ட?" என்று கேட்டீர்கள். அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம்.

என் வேலை என்ன என்று இத்தனை வருடத்தில் உங்களுக்கு நான் சரியாகச் சொன்னதில்லை. நாடு முழுக்க இருநூற்றுப் பத்து ஆஸ்பத்திரிகள் திங்கட்கிழமைதோறும் எங்களுக்கு ஒரு படிவம் அனுப்பும். சென்ற வாரம் காய்ச்சலும் இருமலுமாக எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேருக்கு மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள், அதில் எத்தனை ஃப்ளூ என்று அதில் இருக்கும். நான் அதைக் கூட்டி வரைபடத்தில் வண்ணம் ஏற்றுவேன். குளிர் தொடங்கிவிட்டால் படம் முழுக்க அம்மை போட்ட முகம்போல ஆகிவிடும். இந்த வருடம் நாங்கள் இருக்கும் நகரம் கருஞ்சிவப்பு, உங்கள் ஊர் மட்டும் பால்வெள்ளை. ஒன்பது வாரமாகத் தொடர்ந்து பூஜ்யம். மகிழ்ந்துபோன எங்கள் அதிகாரி, அந்த ஆஸ்பத்திரியில் படிவம் எழுதும் நர்ஸுக்கு ஒரு பாராட்டுக் கடிதம் அனுப்பச் சொன்னார். நான்தான் தட்டச்சு செய்து தபாலில் சேர்த்தேன். எண்பத்தோரு வயது மனிதரை இந்தச் சிவப்புக்கு நடுவில் வைத்திருப்பானேன் என்று அதே வாரம் அப்பாவுக்கு மஃப்ளரைச் சுற்றி உங்களிடம் அனுப்பினேன். நான்காம் நாள் அவர் படுத்தார், அடுத்த நாள் அக்கா, அதற்கடுத்த நாள் நீங்கள்.

உங்கள் தொலைபேசி வந்ததும் அதிகாரியிடம் ஓடினேன். அவர் தும்மிக்கொண்டே, பூஜ்யமும் ஓர் எண்தான், படிவமே அனுப்பாத முப்பது ஆஸ்பத்திரிகளைப் போய் விரட்டும், வாரம் தவறாமல் அனுப்புகிறவர்களை ஏன் நோண்டுகிறீர் என்றார். ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி செய்தேன், எடுப்பாரில்லை. நேற்று விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு உங்கள் ஊருக்கே வந்தேன். ஆமாம் அத்தான், வந்தேன். கோபப்படாமல் மேலே படியுங்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து வெளி கேட் வரைக்கும் வரிசை நின்றது. ஒரு முனையில் தொடங்கிய இருமல் மறுமுனைக்குப் போய்த் திரும்பி வந்தது. எங்கள் படிவத்தை யார் எழுதுவது என்று விசாரித்தேன். கேட் காவலரைக் காட்டினார்கள். கண்ணாடி போட்ட, ஒல்லியான மனிதர். நர்ஸம்மாதான் எழுதுவார்களாம், அவர்களுக்கே காய்ச்சல் வந்து படுத்தபோது, எது நின்றாலும் திங்கட்கிழமைப் படிவம் மட்டும் நிற்கக்கூடாது என்று இவரிடம் சொல்லிப் போனார்களாம். "எது சளி, எது ஃப்ளூன்னு எனக்கு என்ன தெரியும் சார்? காலியா விட்டா திருப்பி அனுப்பிடுவீங்கன்னு சுழி போட்டு அனுப்பினேன்" என்றார். நர்ஸம்மா எப்போது வேலைக்குத் திரும்புவார் என்று கேட்டேன். காவலர் மேசைமேல் இருந்த காலிப் படிவங்களைத் தட்டி அடுக்கினார். "மூணாவது வாரமே தவறிட்டாங்க சார். அதுக்கப்புறமும் நான் நிறுத்தலை" என்றார்.

ஒன்பது படிவங்களிலும் நர்ஸின் கையெழுத்து இல்லை. ஒன்பதையும் வாங்கிப் பதிந்தவன் நான். எண் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். பிறகு நானும் அந்தக் காவலரும் நோயாளிகள் பதிவேட்டைப் பிரித்துவைத்துச் சாயங்காலம் வரை எண்ணினோம். காய்ச்சலும் இருமலுமாக வந்தவர்கள் ஆயிரத்து நூற்று முப்பத்தெட்டுப் பேர். முதல் வாரப் பக்கத்திலேயே நர்ஸின் பெயரும் இருந்தது, வயது முப்பத்து நான்கு. காவலர் அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு, இவங்களையும் சேர்க்கணுமா என்று கேட்டார். சேர்த்தோம்.

திரும்பும்போது உங்கள் தெருவுக்கு வந்தேன். எதிரே உள்ள தையல்கடை வாசலில் நின்று பார்த்தேன். ஜன்னலோரம் அப்பா போர்வைக்குள் இருந்தார், அக்கா தானும் இருமிக்கொண்டு அவருக்கு மருந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். தெருவைக் கடக்கக் கால் வரவில்லை. வெகுநேரம் நிற்பதைப் பார்த்துத் தையல்காரர் அளவெடுக்கணுமா என்றார், ஒரு சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

இன்று காலை அந்த எண்களை ஏற்றியதும் உங்கள் ஊர் சிவந்துவிட்டது. ஒரே நாளில் ஆயிரம் நோயாளிகளை உண்டாக்கியதற்கு அதிகாரி என்னிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருக்கிறார். அதை நாளைக்கு எழுதிக்கொள்ளலாம். அத்தான், உங்கள் ஊரில் நோய் இருப்பது தெரியாமல் அப்பாவை அதற்குள் தள்ளியது என் குற்றம், வேறு யார் குற்றமும் இல்லை. இந்த ஒருமுறை மன்னித்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து அப்பாவை அழைத்துக்கொள்கிறேன். அக்காவை ஈரத்தலையோடு வெளியே போக வேண்டாம் என்று சொல்லவும். வீட்டில் எல்லோரும் சீக்கிரம் எழுந்து நடமாட வேண்டிக்கொள்ளும்,

தங்கள் மைத்துனன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் அக்கா கூப்பிட்டாள். அப்பா இன்று எழுந்து உட்கார்ந்து நாலு வாய் சாப்பிட்டாராம். சாப்பிட்டுவிட்டு உண்மையைச் சொல்லிவிட்டாராம். பஸ் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்பே, என் வீட்டிலேயே, அவருக்குக் காய்ச்சலாம். சொன்னால் மகளைப் பார்க்க விடமாட்டேன் என்று மறைத்தாராம். ஆகவே உங்கள் ஊர் எங்களுக்கு எதையும் கொடுக்கவில்லை, நாங்கள்தான் உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறோம். மேலே கேட்ட மன்னிப்பைத் தயவுசெய்து இதற்கு மாற்றிக்கொள்ளுங்கள். இருமல் எனக்குக் கேட்கக்கூடாது என்று ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொள்வாராம். அந்தச் சத்தம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் அடுத்த அறையில் அந்த வாரத்துப் படிவங்களைக் கூட்டிக்கொண்டிருந்தேன். குறைக்கச் சொல்லி இரண்டு தடவை சுவரைத் தட்டினேன்.