செல்வி நீலச்சுடரின் நிரந்தர வதிவிடம்

வட மாகாணத்தின் மனிதவள வரலாற்றை நாளைக்கு யாராவது எழுத உட்கார்ந்தால், முதலாம் அத்தியாயத்தை ஒரு மந்திரவாதிக்கு ஒதுக்கியே ஆகவேண்டும். ஒரே காலாண்டில் ஏழு திறன்களில் ஒருங்கே 'விருத்தி' கண்ட முதல் பயனாளி அவர்தான். பெயர் செல்வி நீலச்சுடர். அவர் இன்னும் பிறக்கவில்லை என்பது ஒரு சின்னக் குறை. அந்தக் குறையை எங்கள் நிர்வாகம் எவ்வளவு பக்குவமாகக் கையாண்டது என்பதுதான் இந்தக் கதை.

நீலச்சுடரைப் பெற்றெடுத்தவள் நிவேதனா. மானிப்பாயிலிருந்து தினமும் பஸ் பிடித்து, நகரத்தை ஒட்டிய ஒரு பிரதேச செயலகத்துக்கு வருகிற அபிவிருத்தி உத்தியோகத்தர். எந்தச் செயலகம் என்று சொன்னால் மற்றச் செயலகங்கள் தங்களுக்கும் இந்தப் பெருமையில் பங்குண்டு என்று கோபித்துக்கொள்ளும். அந்தக் கந்தோரில் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் இருபத்திரண்டு பேர். உட்காரக் கதிரைகள் ஒன்பது. காலை எட்டரைக்கு முன் வரவு இயந்திரத்தில் விரலை வைப்பதும், நாலேகாலுக்குப் பிறகு அதே விரலை மறுபடி வைப்பதும் முக்கிய பணிகள். இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தை அரசாங்கம் உத்தியோகத்தரின் நல்லறிவுக்கு விட்டிருந்தது.

நிவேதனாவின் நல்லறிவு அவளைப் போனுக்குள் கொண்டுபோய் விட்டது. அங்கே 'ஒன்பதாம் கோட்டை' என்றொரு விளையாட்டு. கோட்டை, காடு, பாதாளம், பறவை நாகம் எல்லாம் உண்டு. அதில் அவள் ஒரு மந்திரவாதி. கூர்த் தொப்பி, நீல அங்கி, கையில் கோல். பேர் நீலச்சுடர்.

மந்திரவாதி என்றதும் மற்ற ஆட்கள் தங்கள் புள்ளிகளை எல்லாம் இடியிலும் மின்னலிலும் தீக்கோளத்திலும் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். இரண்டு தரம் தீக்கோளம் எறிய மந்திர சக்தி தீர்ந்துவிடும். பிறகு பூட்டிய நிலவறைக்குள், வயிற்றைக் காய விட்டுக்கொண்டு, எலிகளோடு நிற்பார்கள். நிவேதனா அந்தப் பிழையை விடவில்லை. அவள் சில்லறைத் திறன்களைத்தான் வளர்த்தாள். சமையல், நெருப்பு மூட்டல், மூலிகை பறித்தல், மீன்பிடி, பூட்டுத் திறத்தல், பேரம் பேசல், கண்ணுக்குத் தெரியாமல் மறைதல். இவையெல்லாம் புள்ளி கொடுத்து வாங்க முடியாதவை. செய்து செய்துதான் ஏறும். நாற்பது தரம் கஞ்சி வைத்தால் சமையல் ஒரு படி உயரும். நாலு வருடம் பல்கலைக்கழகத்திலும், அதற்குப் பிறகு வேலை கேட்டு வீதியோரப் பந்தலிலும் குந்தியிருந்த பட்டதாரிக்கு நாற்பது கஞ்சி ஒரு பொருட்டல்ல. மூன்று மாதத்தில் நீலச்சுடர் எந்த நிலவறையில் விட்டாலும் சமைத்துச் சாப்பிட்டு, பூட்டைத் திறந்து, வெளியே வரக்கூடிய ஆளாகிவிட்டாள்.

இந்த நேரத்தில்தான் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு அபிவிருத்தி உத்தியோகத்தரும் ஒரு பயனாளியைத் 'தத்தெடுத்து', அவருடைய 'சிறு திறன்களை' விருத்தி செய்து, வளர்ச்சியை நூற்று வீதத்தில் காட்டவேண்டும். மாவட்டத்தில் முதலாவதாக வருகிற பயனாளிக்குத் தொழில் உபகரணம் ஒன்று வழங்கப்படும்.

நிவேதனாவுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. சோனகதெருவில் ஸஜானா என்று ஒருத்தி இருந்தாள். றோல்ஸ், பற்றிஸ், கேக் எல்லாம் செய்து கடைகளுக்குப் போடுகிறவள். பக்கத்து வீட்டு விறகுப் போறணையில் முறை வைத்துத்தான் கேக் வேகவைப்பாள். சொந்தமாக ஒரு மின்சாரப் போறணைக்காக மூன்று தரம் விண்ணப்பம் போட்டவள். மூன்றும் திரும்பி வந்தன. நிவேதனா நாலாவதைத் தானே நிரப்பிக்கொண்டு, உதவிப் பணிப்பாளர் தில்லைநாதனிடம் போனாள்.

தில்லைநாதன் நேர்மையான மனிதர். இருபத்தேழு வருட சேவையில் ஒரு சதம் கைநீட்டி வாங்கியதில்லை, ஒரு விதியையும் மீறியதில்லை. இதனால் அவர் கையால் உதவி பெற்றவர்களும் அதிகமில்லை.

"உந்தப் பிள்ளைக்கு வதிவிடம் சரிவராது," என்றார் அவர், கோப்பைத் திறக்காமலே.

"எட்டு வருசமா இங்கைதான் இருக்கிறா சேர். தகப்பன்ரை வீடு."

"பிறந்தது புத்தளம் எண்டு கிடக்கு."

"தொண்ணூறிலை முஸ்லிம் சனம் எல்லாத்தையும் இங்கையிருந்து அனுப்பேக்கை தாய் தகப்பனையும் அனுப்பினவை. அவ தொண்ணூற்றொண்டிலை அங்கை பிறந்தவ."

"அப்ப நிரந்தரவாசியில்லை."

"மீள்குடியேறினவ எண்டு போடுவம், சேர்."

தில்லைநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கஷ்டமான உண்மைகளைச் சொல்லும்போது அவர் அப்படித்தான் செய்வார். "மீள்குடியேறிறதெண்டால் முதலிலை இங்கையிருந்து வெளிக்கிட்டிருக்கோணும், தங்கச்சி. இவ வெளிக்கிடேல்லை. வெளிக்கிட்ட பிறகுதான் பிறந்தவ. போகாத ஆள் எப்பிடித் திரும்பி வாறது?"

"அப்ப புத்தளத்திலை கேக்கலாமோ?"

"அங்கை கேக்கேலாது. அங்கையிருந்து வந்திட்டாவெல்லே."

சில மாதம் பிந்திப் பிறந்த குற்றத்துக்கு எந்தப் படிவத்திலும் மன்னிப்பு இல்லை என்று நிவேதனாவுக்கு விளங்கியது. தில்லைநாதன் இரக்கத்தோடு சொன்னார். "இண்டைக்கு நாலு மணிக்கு அறிக்கை போகோணும். ஆள் ஆராயிருந்தாலும் சரி. எண் இருக்கோணும். எண் இல்லாட்டி எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்."

நிவேதனா கோபத்தோடு மேசைக்குத் திரும்பி வந்தாள். எண்தானே வேண்டும், அவளிடம் எண் இருந்தது. போனை எடுத்து, பக்கத்தில் வைத்து, படிவத்தை நிரப்பத் தொடங்கினாள். பயனாளியின் பெயர்: செல்வி நீலச்சுடர். முகவரி: ஏழாம் கோபுரம், வடக்கு. முன்னர் வேறு இடத்தில் வசித்தவரா: இல்லை. நெருப்பு மூட்டல், ஆரம்பத்தில் மூன்று வீதம், தற்போது தொண்ணூற்றிரண்டு. சமையல், எழுபத்தொன்று. மறைதல், எண்பத்தெட்டு. ஆதாரமாகப் படமும் இணைத்தாள். இதைப் பார்த்தாவது மனுசன் வெட்கப்படட்டும் என்பதுதான் அவளுடைய எண்ணம்.

தில்லைநாதன் எண்களின் மேல் பேனையை ஓட்டிக்கொண்டு போனார். முகம் மலர்ந்தது. படத்தில் ஒரு கணம் நின்றார்.

"தொப்பி என்னத்துக்கு?"

"வெயிலுக்கு, சேர்."

"நல்லது," என்று கையெழுத்துப் போட்டார். "வதிவிடமும் துப்பரவா இருக்கு."

மூன்று வாரத்தில் பாராட்டுக் கடிதம் வந்தது. மாவட்டத்தில் வந்த அறிக்கைகளில் 'பயனாளி முறைப்பாடு எதுவுமின்றி' எல்லாத் திறன்களிலும் ஏறியிருந்தது செல்வி நீலச்சுடர் ஒருவர்தான். நெருப்பிலும் சமையலிலும் அவருக்கிருந்த விசேட ஆற்றலைக் கருத்தில் கொண்டு ஒரு மின்சாரப் போறணை வழங்கப்படும். விழா வெள்ளிக்கிழமை. பயனாளி நேரில் சமூகமளிக்க வேண்டும்.

நிவேதனா கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். வேலை போய்விடும் என்று பயந்தாள். அதைவிட, அந்தப் போறணை யாருக்கும் இல்லாமல் களஞ்சியத்தில் கிடந்து துருப்பிடிக்கும் என்பது அவளைக் குடைந்தது. நேரே தில்லைநாதனிடம் போனாள்.

"சேர், நீலச்சுடர் வரமாட்டா."

"ஏன், சுகமில்லையோ?"

"ஆளே இல்லை, சேர்."

"அடடா. எப்ப மோசம் போனவ?"

"சாகேல்லை சேர். பிறக்கேல்லை. அவ என்ரை போனிலை இருக்கிற ஒரு மந்திரவாதி."

தில்லைநாதன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். படிவத்தை எடுத்து மேலிருந்து கீழ்வரை மறுபடி வாசித்தார். கடைசியில், "அப்ப அடையாள அட்டை இருக்காது," என்றார்.

"இருக்காது, சேர்."

"அதைச் சமாளிக்கலாம். வயது வந்தவையிலையும் கனபேரிட்டை இல்லை." குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, இருக்கிற ஆளைப் பட்டியலிலையிருந்து எடுக்கப் படிவம் இருக்கு. இல்லாத ஆளை எடுக்கிறதுக்குப் படிவம் இல்லை. வெள்ளிக்கிழமை ஆரையாவது கூட்டிக்கொண்டு வாரும். நான் ஒண்டும் கேக்கமாட்டன்."

சோனகதெருவில் ஸஜானா மா பிசைந்துகொண்டிருந்தாள். நிவேதனா எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். ஸஜானாவின் கை நின்றது.

"என்ரை பேரிலை கேட்டா இல்லையெண்டவை. ஆரோ தொப்பிக்காரியின்ரை பேரிலை நான் போய் நிண்டு வாங்கோணுமோ, மிஸ்?"

"உங்களுக்கு விருப்பமில்லாட்டி வேண்டாம், அக்கா. நான் போய் உண்மையைச் சொல்லுறன்."

"சொன்னா உங்களுக்கு வேலை போகும். எனக்குப் போறணையும் இல்லை. ஒருத்தருக்கும் லாபமில்லை." மாவை ஈரத்துணியால் மூடினாள். "உவவுக்கு என்னென்ன தெரியுமாம்?"

நிவேதனா போனைப் பார்த்து வாசித்தாள். "நெருப்பு மூட்டல்."

"நாப்பது கேக்குக்கு விறகுப் போறணையிலை நெருப்பு மூட்டினனான். பிறகு?"

"பூட்டுத் திறத்தல்."

"நாங்கள் வந்த புதுசிலை எங்கடை வீட்டுக் கதவிலை வேறை ஆரோ போட்ட பூட்டு. பதினொரு கடிதம் எழுதித் திறந்தனாங்கள். பிறகு?"

"பேரம் பேசல்."

"அந்த வீட்டுக்குள்ளை குடியிருந்தவரோடை."

"கண்ணுக்குத் தெரியாமல் மறைதல்."

ஸஜானா சிரித்துவிட்டாள். "அதுதானே உங்கடை கந்தோரிலை நான் மூண்டு தரம் செய்தனான். கவுண்டருக்கு முன்னாலை நிண்டும் ஒருத்தர் கண்ணிலையும் படேல்லை." நிவேதனா மிச்சம் மூன்றையும் வாசிக்க, ஸஜானா கையைக் கழுவித் துடைத்தாள். "ஏழிலை மீன்பிடி ஒண்டுதான் எனக்குத் தெரியாது. வாறன். ஆனா தொப்பி போடமாட்டன்."

விழா மண்டபத்தில் மங்கள விளக்கு, மாலை, வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை எல்லாம் குறைவின்றி நடந்தன. போறணை மேடையின் நடுவில் சிவப்பு நாடா கட்டி நின்றது. "செல்வி நீலச்சுடர்" என்று அழைத்தார்கள். ஸஜானா கரும்பச்சைச் சேலையின் முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு மேடைக்கு ஏறினாள்.

பிரதம அதிதி கனிவோடு கேட்டார். "இவ்வளவு திறனையும் எப்படி அம்மா வளர்த்தீர்கள்? மற்றவர்களுக்கும் சொல்லுங்கள்."

"திரும்பத் திரும்பச் செய்துதான்," என்றாள் ஸஜானா. "ஒண்டும் லேசிலை ஏறாது."

கைதட்டல் எழுந்தது. அதோடு இறங்கியிருக்கலாம். ஆனால் ஒலிவாங்கி கையில் இருந்தது, எதிரே முன்னூறு பேர் இருந்தார்கள். எட்டு வருடத்தில் அந்தக் கந்தோர் ஆட்கள் எல்லோரும் ஒரேநேரத்தில் அவளைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"எல்லாருக்கும் ஒரு விசயம்," என்றாள். "என்ரை பேர் ஸஜானா."

நிவேதனா கடைசி வரிசையில் கண்ணை மூடிக்கொண்டாள். பிரதம அதிதி கையிலிருந்த தாளைப் பார்த்தார், ஸஜானாவைப் பார்த்தார், தில்லைநாதனைப் பார்த்தார். தில்லைநாதன் எழுந்தார். இருபத்தேழு வருட சேவையின் முழு அனுபவமும் அவர் முகத்தில் திரண்டது.

"ஸஜானா என்பது அவவின்ரை புனைபெயர், சேர்," என்றார்.

"ஓ, எழுதுவாவோ?"

"விண்ணப்பங்கள் நிறைய எழுதியிருக்கிறா."

பிரதம அதிதி மகிழ்ச்சியோடு நாடாவை வெட்டினார். அன்றைய நடவடிக்கைக் குறிப்பில் 'செல்வி நீலச்சுடர் (புனைபெயர்: ஸஜானா)' என்று முறைப்படி பதிவானது. போறணை லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி சோனகதெருவுக்குப் போனது. மறுநாள் அதில் வெந்த முதல் கேக் தில்லைநாதனுக்கு வந்தது. லஞ்சமாகிவிடும் என்று அவர் ஏற்கவில்லை. புனைபெயரில் வந்த பொருளுக்கு அந்த விதி பொருந்தாது என்று நிவேதனா எடுத்துச் சொன்ன பிறகு இரண்டு துண்டு சாப்பிட்டார்.

வெற்றி சும்மா இருக்கவிடாது. அடுத்த காலாண்டில் மேலிடம் 'நீலச்சுடர் மாதிரி'யை எல்லா உத்தியோகத்தரும் பின்பற்றுமாறு பணித்தது. கந்தோரில் இருபத்தொரு பேர் நிவேதனாவின் மேசையைச் சுற்றி வந்து நின்றார்கள். விளையாட்டை எப்படிப் போனில் இறக்குவது என்றுதான் முதலில் கேட்டார்கள்.

"விளையாட்டு வேண்டாம்," என்றாள் நிவேதனா. "அலுமாரித் திறப்பை எடுங்கோ."

நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்கள் இருந்த அலுமாரி அது. எல்லாவற்றையும் நிலத்தில் பரப்பினார்கள். அரியாலை இன்னாசித்தம்பிக்கு வலை கிடைக்கவில்லை. வீட்டுக்குப் பார்க்கப் போன மூன்று முறையும் அவர் களப்பில் மீன் பிடித்துக்கொண்டிருந்தபடியால் 'வதிவதில்லை' என்று எழுதியிருந்தார்கள். ஆரணிக்குத் தையல் இயந்திரம் கிடைக்கவில்லை. தைக்கத் தெரிந்தபடியால் பயிற்சிக்கு எடுக்கவில்லை, பயிற்சிச் சான்றிதழ் இல்லாதபடியால் இயந்திரம் கொடுக்கவில்லை. இப்படியே ஒவ்வொன்றும். நிவேதனா ஒவ்வொருவருக்கும் ஒரு மந்திரவாதியின் பெயரை வைத்தாள். இன்னாசித்தம்பி 'அலைவேந்தன்' ஆனார், நீரில் நடத்தல் அறுபத்துநாலு வீதம். ஆரணி 'மாயநூலாள்' ஆனாள். உண்மையான பெயர்கள் எல்லாம் அடைப்புக்குறிக்குள் புனைபெயர்களாகப் போயின. எல்லோருக்கும் நிரந்தர வதிவிடம் வடக்குக் கோபுரங்கள். தில்லைநாதன் ஒவ்வொரு பக்கத்தையும் கவனமாக வாசித்து, எழுத்துப்பிழை இரண்டைத் திருத்தி, கையெழுத்திட்டார்.

வருட முடிவுக்குள் வலை, தையல் இயந்திரம், நீர் இறைக்கும் இயந்திரம், ஆட்டுக் கொட்டில் எல்லாம் வந்து இறங்கின. நிவேதனாவுக்குச் சொந்தக் கதிரை கிடைத்தது. போனைத் திறக்க நேரமில்லாமல் அவள் வெயிலில் திரிந்தாள். வலை நல்லதா, இயந்திரம் ஓடுகிறதா என்று போய்ப் பார்ப்பதில் மேனி கறுத்து, ஆள் மெலிந்து, முகம் தெளிந்திருந்தாள்.

தை மாதத்தில் மதிப்பீட்டுக் குழு வந்தது. தலைமை அதிகாரி கோப்புகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். நீர்மேல் நடப்பவர், நூலால் மாயம் செய்பவர், நெருப்புக்கு எசமானி. அவருக்கு ஏதோ இடறியது.

"திரு. தில்லைநாதன், எல்லாரும் மந்திரவாதிகளாக இருக்கிறார்கள். இந்தப் பிரிவில் சாதாரண மனிசருக்கு ஒன்றும் கொடுக்கவில்லையா?"

தில்லைநாதனின் முகத்தில் இருபத்தெட்டு வருடத்துப் பெருமிதம் பரவியது.

"ஒருத்தருக்கும் இல்லை, சேர்," என்றார். "நாங்கள் விதியை மீறுறேல்லை."