ராஜநாயகம் மூன்றாம் மாடி காத்த படலம்

வாழ்க ராஜநாயகம்! சாந்தோம் கடற்காற்றில் துருவேறிய கிரில் கேட்டின் காவலன், முப்பத்தோராண்டு பி.டி. மாஸ்டராக விசிலூதிய வெண்கல நெஞ்சன், மகள் சான்ட்ரா அனுப்பிய புதுத் தோற்செருப்பணிந்து விடியற்பூசை கண்டு திரும்பிய திருவடியன், மைத்துனன் ஆஸ்டின் பெயர் கேட்டாலே காதில் புகை கக்கும் மானஸ்தன்! விற்பனைக்கு வந்த தன் வீட்டை ஊரார் பார்வையிட்ட ஞாயிற்றுக்கிழமையில், அன்னவன் தனியொருவனாய் நின்று அதைக் காத்த கதையைக் கேளுங்கள், ஐயா!

முந்தைய ஞாயிறு வந்த கூட்டத்தோடு ஒரு நகவெட்டி மாயமாகியிருந்தது. ஆகவே இரண்டாம் பூசைக்குக் கிளம்பிய இல்லத்தரசி கிளாடிஸ், வாசலில் நின்று சபதமுரைத்தாள்.

"இந்த வாட்டி ஒரு ஸ்பூன் காணாம போனாலும், அடுத்த வாரம் என் தம்பி ஆஸ்டின்தான் இங்க உட்காருவான். சொல்லிட்டேன்!"

ஆஸ்டினா! தன் நாற்காலியிலா! கவரிமான் குலத்து நம் வீரன் துடித்தெழுந்தான். நகைகளை அரிசி டிரம்மின் அடியாழத்தில் புதைத்தான்; பத்திரத்தைப் பாலிதீன் கவசம் பூட்டி ஃப்ரீசரில் வஞ்சிரத்தின் கீழ்ச் சிறைவைத்தான்; ஸ்பூன்களை இருமுறை எண்ணி இருபத்துநான்கென்று உள்ளங்கையில் எழுதினான்; டிவி ரிமோட்டை இடுப்பில் வாளெனச் செருகினான். பின்னர், நேற்றுத்தான் பாலிஷ் போட்ட மொசைக் தரையின் மானங்காக்க, மாடிப்படி அதிர ஆணையிட்டான்.

"செருப்ப எல்லாம் வெளிய கழட்டுங்க! யாரா இருந்தாலும் சரி!"

புரோக்கர் கரீமுல்லா தலைமையில் ஏழு குடும்பத்தார் புகுந்தனர். அடடா, என்ன படையெடுப்பு! குழாய்கள் திறந்தன, சுவர்கள் தட்டப்பட்டன, பீரோக் கதவுகள் பெருமூச்செறிந்தன. எவர் எங்கு திரும்பினும் அங்கு ராஜநாயகம். கதவிடுக்கில் ராஜநாயகம், திரைமறைவில் ராஜநாயகம்.

"இன்னா சார் இது? பார்ட்டி பாத்ரூம் பார்க்கப் போனாகூட பின்னாடியே வந்துகினு கீறீங்க!" என்று கரீமுல்லா கதறியும் அவன் அசைந்தானில்லை.

அந்தோ, அப்போதுதான் வந்தது பேராபத்து! மயிலாப்பூர் மஹதி மாமி அடுக்களை புகுந்து அரிசி டிரம்மின் மூடியில் கைவைத்தாள்.

"இதையும் ஆத்தோட சேர்த்துத் தருவேளா?"

பாய்ந்தான் ராஜநாயகம். மூடிமீது மார்போடு விழுந்து முழங்கினான்.

"வண்டு வச்ச அரிசி, மாமி! தொறந்தா மூஞ்சில பறக்கும்!"

மாமி மூன்றடி பின்வாங்கி, அவ்வழியே வீட்டைவிட்டும் வெளியேறினாள். அவளைத் தொடர்ந்து ஒவ்வொருவராகக் கரைய, ஒரு மணிக்குக் களம் காலியாயிற்று. வீரன் ஸ்பூன்களை எண்ணினான். இருபத்துநான்கு! வெற்றி விசில் ஊதினான். கீழ்வீட்டு நாய் பதில் முழங்கியது.

திரும்பிவந்த கிளாடிஸ் அரிசி துழாவினாள், வஞ்சிரம் புரட்டினாள், ஸ்பூன்களைத் தானும் எண்ணினாள். குறையொன்றும் காணாது முதன்முறையாகக் கணவனை வியந்து நோக்கி, "பரவாயில்லையே! சரி, கடைக்குப் போய் தயிர் வாங்கிட்டு வாங்க" என்று திருவாய் மலர்ந்தாள்.

முத்தரண் காத்த மூர்த்தி, இனி எந்த ஆஸ்டினுக்கும் இடமில்லையென நெஞ்சு நிமிர்த்தி, தூக்குவாளி ஏந்தி, வாசலுக்கு எழுந்தருளினான். அங்கே அவனுடைய புதுச்செருப்பு இருந்த இடத்தில், வாரில் ஊக்கு குத்திய ரப்பர் செருப்பு ஒரு ஜோடி கிடந்தது.

கிளாடிஸ் எட்டிப் பார்த்துவிட்டு ஆஸ்டினுக்குப் போன் போட்டாள்.