கீழ்க்குடல் சிரை வேட்டைப் படலம்

வாழி தோர்கில்! யூட்லாந்தின் மழைக்காற்று நுழையாத மருத்துவமனை நிலவறையில், இரட்டைத் திரையின் வெண்ணொளி நரைத்தாடியில் நிலவெனத் தவழ வீற்றிருக்கும் ஸ்கேன் படம் படிக்கும் மருத்துவ வேந்தே, வாழி! கத்தியின்றி வயிற்றுக்குள் புகுந்து தழும்பின்றி மீளும் வித்தகன்; பிழைசெய்தோர் வெள்ளிக்கிழமை கேக் சுட்டுவர வேண்டும் என்னும் அத்துறையின் மாறா விதிக்கு ஒருநாளும் வசப்படாத, அடுப்பறியாச் செம்மல் அவன். சென்ற வாரம், இடப்பக்கத்தை வலப்பக்கமென்று அறிக்கையில் எழுதிவிட்ட தோழி மருத்துவர் போடில் நாணிக் கொணர்ந்த ஆப்பிள் கேக்கில் பெருந்துண்டைக் கவர்ந்து, "பட்டை கொஞ்சம் தூக்கல், போடில்" என்று தீர்ப்பு நல்கியவனும் அவனே.

அத்தகையோன் செவ்வாய்க் காலையில் போருக்கெழுந்தான். முதியவர் ஒருவருக்கு மறுநாள் பெருங்குடலில் அறுவை. கீழ்க்குடலின் குருதியைச் சுமந்து மேலேறும் மெல்லிய சிரை எங்கே போய்ச் சேர்கிறது? அறுவை மருத்துவர்கள் கேட்டிருந்தார்கள்.

மவுஸ் என்னும் புரவியேறி, சக்கரத்தை உருட்டி, இடுப்பெலும்புக் கோட்டையிலிருந்து படம் படமாய் மேலேறினான் வீரன். வளைந்தோடும் குடல்கள் மலைப்பாம்புகளென மறிக்க, நுண்சிரைகள் பகைவர் அம்புகளெனச் சூழ, கண்ணிமையாது துரத்தியவன் காப்பிக் கோப்பைக்காக ஒரே ஒருகணம் விழி தாழ்த்தினான். நிமிர்ந்தபோது அங்கே ஒரு சிரை நின்றது. அதுவேதான் என்று எண்ணிப் பின்தொடர்ந்தான். அந்தோ, அது நேராய் இடச் சிறுநீரகத்தின் சிரையில் போய் விழுந்தது!

"போடில், ஓடி வா! குடல் சிரை கிட்னில போய்ச் சேருது! உலகத்துல எவனும் பார்த்திருக்க மாட்டான். கட்டுரையே எழுதலாம்!"

எழாமலே, தன் சுழல் நாற்காலியோடு உருண்டு வந்தாள் போடில். மவுஸைப் பறித்துப் பின்னோக்கி உருட்டினாள். சிரை இறங்கியது, இடுப்பைக் கடந்தது, தொடையிடுக்கில் புகுந்தது.

"இது குடல்லேருந்து வரலப்பா. அந்தப் பெரியவரோட விதைப்பையிலேருந்து வருது. எல்லா ஆம்பளைக்கும் இடப்பக்கத்துது அங்கதான் போய்ச் சேரும். உனக்கும்தான்."

வேரற்ற ஓக் மரமெனச் சாய்ந்தான் தோர்கில். "அப்ப நம்ம சிரை?"

"உன் மூக்குக்கு முன்னாடியே போகுது, பாரு."

சற்று முன்தள்ளி, ஆரவாரமின்றி மேலேறி, கணையத்தின் பின்னே மண்ணீரல் சிரையோடு கலந்துகொண்டிருந்தது அது, பாடநூலில் உள்ளபடியே.

வீழ்ந்த வேந்தன் இறுதிக் கேடயத்தை உயர்த்தினான்: "அறிக்கைல இன்னும் கையெழுத்துப் போடலியே! இது கணக்குல வராது."

"கட்டுரை எழுதலாம்னு கத்தினது காரிடார் பூரா கேட்டுச்சு. வரும், வரும். பட்டை மட்டும் தூக்கலா போடாத."

வானோர் மலர் பொழியவில்லை, முரசும் முழங்கவில்லை. அடுத்த அறையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்கள். வாகை சூடாத அவ்வீரன் சரியான விடையை எழுதி, இம்முறை இருமுறை உருட்டிப் பார்த்து, கையெழுத்திட்டான்.

மாலையில் தோர்கில் கோதுமை மாவு வாங்கக் கடைக்குப் போனார்.