ராசப்பனின் காந்தப் பட்டை

ஏற்றுமதிப் பனியனுக்குள் முறிந்த தையல் ஊசி கிடக்கக் கூடாது என்பது உலக நியதி. அதனால் முதலிபாளையம் ஆத்தப்பன் தம் கம்பெனிக்கு ஊசி பிடிக்கும் மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டார். பனியன் அதனுள் ஊர்ந்து போகும். இரும்புத் துணுக்கு இருந்தால் மணி அடிக்கும்.

அன்று லாரி வாசலில் நின்றது. சாயங்காலத்துக்குள் தூத்துக்குடிக்குக் கிளம்பாவிட்டால் கப்பல் போய்விடும். ஆர்டர் ரத்து, கம்பெனிக்குப் பூட்டு. அந்த நேரம் பார்த்து, சரக்கைச் சோதித்துச் சான்று கொடுக்கும் அதிகாரி ராசப்பன் வந்து மெஷின் பக்கத்தில் நின்றார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"இதுவரைக்கும் ஊசி இருந்தாத்தானுங்க அடிச்சுது," என்றார் செக்கிங் சூப்பர்வைசர் சாரதாமணி. "உங்க இடுப்புல அது என்னங்க சார்?"

"காந்தப் பட்டை. ரத்த ஓட்டத்துக்கு." ராசப்பன் படித்தவர், விளக்கமாகவே சொன்னார். "காந்தத்தைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத புலம் ஒன்று உண்டு அம்மா. மெஷினுக்குள்ளும் அதுதான். இரும்பு புகுந்தால் புலம் கலையும், மணி அடிக்கும். என் பட்டையும் கலைக்கத்தான் செய்யும்."

"அப்பக் கழட்டி வெச்சிருங்க சார்."

"மேலதிகாரி கட்டியிருக்கும்போது நான் கழற்றுவது ஒழுங்கீனம்."

"உங்களுக்கு இடுப்பு வலிங்களா?"

"எனக்கில்லை. அவருக்கு."

ஆத்தப்பன் கை கூப்பினார். "நாலடி தள்ளி நின்னாப் போதுமுங்க. தூரம் போகப் போகக் காந்தத்துக்கு வேகம் கொறஞ்சுருமுங்களே."

"அருகில் நின்று பார்வையிட வேண்டும் என்பது விதி."

"நீங்க வர்றதுக்கு முன்னால ஒழுங்கா ஓடுச்சுங்களே!"

"நான் வருமுன் நடந்தது எதுவும் நடந்ததாகாது."

இந்த மாதிரி ஆட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. லாரிக்காரர் ஹாரன் அடித்தார். ராசப்பன் கண்ணை மூடி விதிகளை ஒருமுறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அதிகாரி நிற்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. மெஷின் ஓட வேண்டும் என்று எங்கும் இல்லை!"

ஆத்தப்பன் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினார். சாரதாமணி வாயைத் திறக்க, "நீ சும்மா இரு கண்ணு," என்றார். நின்றுபோன மெஷினுக்குள் பனியன்களைக் கையாலேயே தள்ளிவிட்டார்கள். மணி மூச்சு விடவில்லை. மேற்படி சரக்கில் ஊசி ஏதும் இல்லை என்று இதனால் சான்றளிக்கப்பட்டது. லாரி கிளம்பியது.

வாங்கிய நாட்டிலும் மெஷின் இருந்தது. அங்கே யாரும் பட்டை கட்டியிருக்கவில்லை. மெஷின் ஓடவும் செய்தது, மணியும் அடித்தது. சரக்கு மொத்தமும் திரும்பி வந்து கடைவீதியில் பாதி விலைக்குக் குவிந்தது. ஏற்றுமதிச் சரக்கு என்றதும் ஊரே முண்டியடித்து வாங்கியது. ராசப்பனும் வாங்கினார், நானும் வாங்கினேன். பனியன்மேல் காந்தப் பட்டை கட்டுவது அதற்குள் எங்கள் ஊர் நாகரிகமாகியிருந்தது. கட்டிய நிமிஷமே இடுப்பில் சுருக்கென்றது.

"பார்த்தீர்களா, காந்தம் வேலை செய்கிறது!" என்றார் ராசப்பன்.

ஆமாம் ஆமாம் என்று எல்லோரும் பட்டையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டோம்.