புனித ரோக்குக்கு லைஃப் ஜாக்கெட்

துறைமுக அலுவலகத்தின் தூங்காத கண்ணும், நம் குடும்பத்தில் சீருடை போட்ட முதல் ஆளுமாகிய அண்ணன் மகள் பெரினாவுக்கு, உன் சித்தப்பா ஷிமுன் ஆயிரம் ஆசிகளோடும் ஆயிரத்தொரு கோபத்தோடும் எழுதுவது.

நான் நலம். உன் சித்தி டோப்ரிலா நலம். கழுதையும் நலம். படகு மட்டும் நலமில்லை. நீ பூட்டிய சங்கிலியில் திருடனைப் போலக் கட்டுண்டு கிடக்கிறது. 'உரிமம் ரத்து. மறுபடி தேர்வு எழுதித் தேறாவிட்டால், அடுத்த ஆண்டு புனிதர் வேறு படகில் போவார்' என்று கதவில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாய். வேறு படகு என்றால் யாருடையது? உன் சித்தியின் தம்பி பெப்போவுடையது! அம்மா, நோவாவின் பேழைக்கே கயிறு இரவல் கொடுத்த பரம்பரை நம்முடையது. திருவிழாவன்று புனித ரோக்கைச் சுமந்து விரிகுடாவைச் சுற்றிவரும் உரிமையை நான் விட்டுத்தர மாட்டேன்.

நடந்ததைக் கேள். நீ என்ன உத்தரவு போட்டாய்? படகில் ஏறுகிற ஒவ்வொருவருக்கும் லைஃப் ஜாக்கெட். தலைக்கு ஒன்று என்று நீயே எண்ணிக் கொடுத்தனுப்பினாய். ஏறியவர்களில் தலையாய ஆள் யார்? புனிதர். அவருக்குத்தான் முதலில் மாட்டினேன். கடைசியில் ஒன்று குறைந்து, லோவ்ரே சாமியாருக்கு இல்லாமல் போனது. "அட கிறுக்கா, மரச் சிலைக்கு எதுக்குடா ஜாக்கெட்?" என்று கத்தினார். "மரம்னு நீங்களே சொல்லலாமா சாமி? ஞாயித்துக்கிழமை வேற மாதிரில்ல சொல்றீங்க!" என்றேன். ஜாக்கெட் இல்லாமலே ஏறி உட்கார்ந்தார். புனிதரின் காலடியில் நிற்கும் நாய்க்கு மட்டும் போடவில்லை. அவரோடு ஒரே மரத்தில் செதுக்கிய நாய், தனி ஆளாகக் கணக்கில் வராது. சட்டம் எனக்கும் தெரியும்.

அப்புறம் அந்தச் சிவப்புக் கயிறு. ஓட்டுகிறவன் தண்ணீரில் விழுந்தால் என்ஜின் தானே நிற்கணும், ஒரு முனையை என்ஜினிலும் மறுமுனையை உன் மணிக்கட்டிலும் மாட்டு என்றாய். மாட்டினேன். விரிகுடா வாயில் வலப்பக்கமிருந்து பெப்போ வருகிறான், படகு நிறைய வெங்காயத்தோடு. வலப்பக்கம் வருகிறவனுக்கு வழிவிட வேண்டும், அதுதான் விதி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புனிதர் வெங்காயத்துக்கு வழிவிடுவாரா? "யோவ் மச்சான், ரூல்படி எனக்குத்தான் வழி, ஒதுங்குய்யா!" என்று அவன் கத்த, "டேய் மாப்ளே, உங்க அக்காகிட்ட வாங்கிட்டுப் போன ஏணியை மொதல்ல திருப்பிக் குடு, அப்புறம் ரூல் பேசு!" என்று நான் கத்த, நம்ம ஊரில் இப்படி ஒரு பதிலை வாயால் மட்டும் சொல்ல முடியுமா, நீயே சொல்லு, இரண்டு கையும் வானத்துக்குப் போகணும், போச்சு, கயிறு பிடுங்கிக்கிச்சு, என்ஜின் பொட்டென்று செத்துப்போச்சு, அவன் மூக்குக்கு நேரே குறுக்கே நிக்கிறோம். அவன் இடித்த இடியில் இத்தாலிக் கரையில் காப்பிக் கோப்பைகள் கவிழ்ந்திருக்கும். புனிதர் ஒரு பக்கம் விழுந்தார், சாமியார் மறுபக்கம்.

யார் மிதந்தது? ஜாக்கெட் போட்டவர்! நாயை அணைத்தபடி, கடலையே விலைக்கு வாங்கிய பிரபு மாதிரி மிதந்தார். சாமியாரோ பாதிக் கடலைக் குடித்துவிட்டு, "ஷிமுன், நாசமாப் போறவனே, தூக்குடா!" என்று அலறினார். அங்கியைப் பிடித்து அவரைத் தூக்கியது பெப்போ என்று ஊரெல்லாம் பேச்சு. தூக்கட்டும், இடித்தவன் அவன்தானே? உன் ஜாக்கெட் வேலை செய்கிறது என்று தீவுக்கே நிரூபித்தவன் நான். எனக்குப் பதக்கம் தராமல் பூட்டா போடுகிறாய்?

சேதம்தான் என்ன? சாமியாருக்கு ஜலதோஷம். புனிதர் என் கொட்டகையில், போர்வைக்குள் பத்திரமாக உலர்கிறார். ஆகவே சங்கிலியை அவிழ். மன்னிப்புக் கேட்க மாட்டேன். தேர்வு எழுத மாட்டேன். பெப்போவுக்கு இந்த ஜென்மத்தில் வழிவிட மாட்டேன்.

உன் துறைமுகத்தில் நல்ல காற்று வீசட்டும், உன் நெஞ்சில் கொஞ்சம் குடும்பப் பாசம் சுரக்கட்டும்.

தலைவணங்காத உன் சித்தப்பா,
ஷிமுன்

பி.கு.: போர்வைக்குள் இருப்பது ஒயின் பீப்பாய். நாங்கள் சாமியாரைக் கவனித்துக்கொண்டிருந்தபோது மலைப்பக்கமிருந்து புரா காற்று கிளம்பி, புனிதரை மேற்கே கொண்டுபோய்விட்டது. இத்தாலியிலிருந்து யாராவது போன் செய்து, ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட தாடிக்காரர் ஒருவர் நாயோடு கரையேறியிருக்கிறார், என்ன கேட்டாலும் வாயே திறக்கமாட்டேன் என்கிறார் என்றால், எங்கள் ஆள்தான் என்று சொல்லிவிடு. சாமியார் போர்வையைத் தூக்குவதற்குள் நான் போய் அவரைக் கூட்டி வந்தாக வேண்டும். அந்தத் தேர்வு என்றைக்கு அம்மா?