ஒரு ஸ்பிரிங் மிச்சம்

கடைசி நட்டையும் முறுக்கி முடித்து, கையைத் துடைத்துவிட்டு, டீ தம்ளரை எடுக்கக் குனிந்த மதியழகன் குனிந்தபடியே நின்றுவிட்டான். ஸ்டூலுக்கு அடியில் ஒரு ஸ்பிரிங் கிடந்தது. சுண்டுவிரல் நீளம். அதன் முனையில் பச்சைப் பெயிண்டில் ஒரு பொட்டு.

வண்டி முழுசாக நிற்கிறது. ஸ்பிரிங் வெளியே கிடக்கிறது.

"ஆனந்தி! இங்க வா. இது எங்கருந்து வந்துச்சு?"

ஆனந்தி சமையலறையிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "என்னையக் கேட்டா? கழட்டுனதும் நீங்க, மாட்டுனதும் நீங்க."

"எல்லாத்தையும் மாட்டிட்டேனே."

"எல்லாத்தையும் மாட்டிருந்தா இது எப்படி வெளிய கெடக்கும்?"

நியாயமான கேள்வி. மதியழகன் ஸ்பிரிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

மதியழகனுக்கு வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் சூப்பர்வைசர் வேலை. வீடு திண்டுக்கல்லில். வீட்டை ஒட்டி ஒரு கார் ஷெட் உண்டு. கார் கிடையாது. ஷெட் இருந்தால் கார் தானாக வரும் என்று நம்பிக் கட்டியது. அந்த ஷெட்டில்தான் சித்திரை மாதம் ஒரு நல்ல நாள் பார்த்துத் தன்னுடைய பழைய பைக்கைக் கழற்றினான். ஹேண்டில்பாரைத் தாழ்த்தி, சீட்டை ஒற்றை ஆள் உட்காரும்படி வெட்டி, மட்கார்டைக் குறைத்து, வெளிநாட்டுப் பந்தய வண்டி மாதிரி ஆக்குவது திட்டம். வீடியோவில் ஒருவன் அதைப் பத்து நிமிஷத்தில் செய்து முடித்துச் சிரித்தான். மதியழகனுக்கு ஆவணி பிறந்தும் முடியவில்லை. அதுவரை அவன் மில் பஸ்ஸில், தனக்குக் கீழே வேலை பார்ப்பவர்களோடு கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போய் வந்தான்.

கைவைக்காமல் இருக்கத் தெரியாத மனிதன் அவன். அவன் கைபட்ட மிக்ஸி பாதிச் சட்னியைச் சுவருக்குக் கொடுத்தது. அவன் திருத்திய ஃபேன் காற்றைக் கூரைக்கு அனுப்பியது. வண்டியைக் கழற்ற ஆரம்பித்த பிறகு வீட்டில் வேறு எந்தச் சாமானும் கெடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதெல்லாம் வீட்டோடு போயிருக்கும். ஆனால் மதியழகன் வாயைக் கொடுத்துவிட்டான். நிலக்கோட்டையில் இருக்கும் தங்கை தீபாவின் பையனுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில், இணையத்தில் பிடித்த ஒரு வண்டிப் படத்தைப் போட்டு, 'தாய்மாமன் இதில்தான் வருகிறான்' என்று எழுதிவிட்டான்.

தீபாவின் வீட்டுக்காரன் பாண்டியராஜ் பூ வியாபாரி. மல்லிகையை வேனில் ஏற்றி ஊர் ஊராக அனுப்புகிறவன். அவனிடமிருந்து உடனே குரல் பதிவு வந்தது.

"மச்சான், வண்டி உங்களைக் கொண்டு வருமா, நீங்க வண்டியக் கொண்டு வருவீங்களா? எதுக்கும் நம்ம பூ வேனை அனுப்பி வைக்கவா?"

குழுவில் சிரிப்புப் பொம்மைகள் மழையாகக் கொட்டின. அன்றைக்கு முடிவு செய்தான் மதியழகன். உயிரே போனாலும் பூ மூட்டைகளுக்கு நடுவில் போய் இறங்குவதில்லை.

இப்போது இந்த ஸ்பிரிங்.

பக்கத்து வீட்டு மரியசெல்வம் லாரி ஓட்டி ஓய்ந்தவர். சுவருக்கு அந்தப் பக்கம் நின்றே ஸ்பிரிங்கை வாங்கி, கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"கிளட்ச்சுல வர்றதுப்பா. இது இல்லாமப் போனேன்னு வையி, மேட்டுல வண்டி உன்னைய இறக்கி விட்டுரும்."

"பச்சைப் பொட்டு இருக்கே, அது என்னண்ணே?"

"கம்பெனிக்காரன் சும்மாவா பொட்டு வைப்பான்? முக்கியமான சாமான்னு அர்த்தம்."

மதியழகன் கிளட்ச்சைப் பிரித்தான். உள்ளே இருக்க வேண்டிய ஸ்பிரிங்குகள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஆயில் மட்டும் தரையெல்லாம் ஓடியது.

"அப்ப பிரேக்கா இருக்கும்" என்றார் மரியசெல்வம், கொஞ்சமும் தளராமல்.

பிரேக்கைப் பிரித்தான். அங்கேயும் எதுவும் குறையவில்லை. திருப்பி மாட்டும்போது எந்த ஒயரை எங்கே சொருகினானோ, பிரேக்கை மிதித்தால் ஹாரன் அடித்தது. ஹாரனை அமுக்கினால் ஒன்றும் நடக்கவில்லை.

"அதும் நல்லதுதானப்பா" என்றார் மரியசெல்வம். "நிக்கிறப்ப சொல்லிட்டு நிக்கும்."

வியாழக்கிழமை மில்லிலிருந்து வந்து, நட்டு போல்ட் போட்டு வைக்கும் பிஸ்கட் டப்பாவைத் திறந்தான். காலியாக இருக்க வேண்டிய டப்பாவில் ஒரு சின்னப் பல்சக்கரம் உட்கார்ந்திருந்தது. அதிலும் பச்சைப் பொட்டு.

மதியழகன் அதை உடனே படம் பிடித்து, வண்டிப் பிரியர்கள் குழுவில் போட்டான். ஒருவன் கிக்கரில் வருவது என்றான். இன்னொருவன் ஸ்பீடாமீட்டர் என்றான். மூன்றாமவன், 'ப்ரோ, இது இல்லாம ஓட்டாதீங்க, உயிருக்கே உத்தரவாதம் இல்ல' என்று எழுதிவிட்டு, கேட்ட எதற்கும் பதில் சொல்லாமல் தூங்கப் போய்விட்டான்.

கிக்கரையும் கழற்றினான், ஸ்பீடாமீட்டரையும் கழற்றினான். பல்சக்கரம் எங்கும் உட்காரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஸ்பீடாமீட்டர் முள் எண்பதிலேயே நின்றுகொண்டது. ஷெட்டுக்குள் ஸ்டாண்டு போட்டு நின்ற வண்டி எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

"செத்த நேரம் வந்து சாப்ட்டுப் போங்க" என்றாள் ஆனந்தி. "வெஞ்சனம் ஆறிப்போகுது."

"சோறா முக்கியம்? மானம் போகப் போகுது ஆனந்தி!"

"வேன்ல போனா மானம் போயிருமா? நம்ம வீட்டு வேன்தான."

"உனக்குச் சொன்னாப் புரியாது."

சனிக்கிழமை லீவு சொல்லிவிட்டு விடியற்காலையிலேயே ஷெட்டுக்குள் புகுந்தான். இருந்ததையெல்லாம் இறுக்கினான். மிச்சம் கிடந்த இரண்டையும் ஒரு கவரில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான், கூடவே இருந்தால் வண்டிக்குள் இருப்பதாகக் கணக்கு. பிள்ளையாரை நினைத்து உதைத்தான்.

வண்டி கிளம்பிவிட்டது!

சத்தம் தெருவையே எழுப்பியது. மரியசெல்வம் லுங்கியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். மதியழகனுக்குக் கண் கலங்கிவிட்டது. நிஜமாகவே கலங்கிவிட்டது. இத்தனை மாதம் ஊரே சிரித்ததற்கெல்லாம் அந்தச் சத்தம் பதில் சொன்ன மாதிரி இருந்தது.

"எலுமிச்சம்பழம் கொண்டா ஆனந்தி!"

சக்கரத்துக்கு ஒன்றாகப் பழம் வைத்து, நசுக்கி, தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை போய் வந்தான். திரும்பும் இடத்தில் பிரேக்கை மிதிக்க, ஹாரன் அலறி, பால்காரர் சைக்கிளோடு சாக்கடை ஓரம் ஒதுங்கினார். அதைத் தவிர ஒரு குறையும் இல்லை. திரும்பி வந்து, பழம் நசுங்கிக் கிடந்த அதே இடத்தில் வண்டியை நிறுத்தினான்.

ஆனந்தி வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். "பரவால்லங்க, அழகாத்தான் இருக்கு. நான் எங்க உக்கார்றது?"

"நீ எதுக்கு இதுல உக்காரணும்? உனக்குத்தான் ஸ்கூட்டி இருக்கே." மதியழகன் அவள் ஸ்கூட்டியைத் திரும்பிப் பார்த்தான். தினமும் அவளைக் காலையில் அவள் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டருக்குக் கொண்டுபோய் மாலையில் பத்திரமாகக் கொண்டுவரும் அந்த வெள்ளை ஸ்கூட்டி ஒன்றும் அறியாமல் வேப்பமர நிழலில் நின்றது. "இப்பத்தான் எனக்குக் கை பழகியிருக்கு. நாளைக்குக் காதுகுத்து முடிஞ்சு வந்ததும் சாயங்காலமே அதைக் கழட்டிர்றேன். முன்னாடி இருக்க பிளாஸ்டிக்கப் பூராம் எடுத்துட்டு, தணிச்சு, கருப்பு அடிச்சு…"

"அது நல்லாத்தானங்க ஓடுது?"

"ஓடுறது பெருசில்ல. பாக்க எப்படி இருக்குங்கறதுதான் பெருசு."

ஆனந்தி ஸ்கூட்டியை ஒரு தடவை பார்த்தாள். "டீ கொண்டு வாரேன்" என்று உள்ளே போனாள். மதியழகன் வண்டியை எந்தக் கோணத்தில் படம் பிடிப்பது என்று வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். டீயைக் கொண்டுவந்து ஸ்டூலில் வைத்தவள், "ஏங்க, இது என்னது?" என்றாள்.

பின்சக்கரத்தின் அருகே, நசுங்கிய எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில், ஒரு நீளமான போல்ட் கிடந்தது. பச்சைப் பொட்டோடு.

"ஓடுறப்பவே கழண்டு விழுந்திருக்கு" என்றான் மதியழகன். 

"எங்கருந்து?"

"அது தெரிஞ்சா நான் ஏன் இப்படி நிக்கிறேன்?"

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தான். காலியான ஓட்டை ஒன்றுகூட இல்லை. அதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது. கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்தல்லவா விழுந்திருக்கிறது!

"நான் மட்டும்னா எடுத்துட்டுப் போயிருவேன். மருமகனை டேங்க் மேல உக்கார வச்சு ஊரைச் சுத்திக் காட்டுறேன்னு சொல்லிருக்கேன். புள்ளைய வச்சுக்கிட்டு விளையாட முடியுமா?"

ஆனந்தியின் முகம் ஒரு மாதிரி ஆனது. "அதுக்கு இப்பவேவா கழட்டணும்? மெதுவாப் பாக்கலாம். நாளைக்கு என் ஸ்கூட்டியில போயிருவோம்."

"சீர்த்தட்டெல்லாம் உன் ஸ்கூட்டியில எங்க வைக்க? தலையிலயா?"

சாயங்காலத்துக்குள் வண்டி மறுபடியும் ஷெட் முழுக்கப் பழைய பேப்பரில் பரவிக் கிடந்தது.

ராத்திரியே ஆனந்தி போன் போட்டுச் சொல்லிவிட, மறுநாள் காலையில் பூ வேன் வந்தது. பாண்டியராஜே ஓட்டி வந்தான். இறங்கி, ஷெட்டுக்குள் ஒரு பார்வை பார்த்தான். சிரிக்காமல் இருக்க அவன் பட்ட பாடு சிரித்ததைவிட மோசமாக இருந்தது.

"வாங்க மச்சான். அக்கா முன்னாடி உக்காரட்டும். நீங்க சீரோட பின்னாடி ஏறிக்கங்க. மூட்டைய மட்டும் மிதிச்சுராதீங்க, ஒரு கல்யாணத்துக்குக் குடுக்கணும்."

எதில் இறங்கக் கூடாது என்று நினைத்தானோ அதிலேயே போய் இறங்கினான் தாய்மாமன். தலையில் மல்லிகை, சட்டையில் மல்லிகை, காதுக்குள் ஒரு மொட்டு. மேளக்காரர்கள் ஒரு நிமிஷம் வாசிக்க மறந்து பார்த்தார்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மடியில் உட்கார்ந்த மருமகன், மாமன் தலையிலிருந்த பூவை ஒவ்வொன்றாகப் பிடுங்குவதிலேயே குறியாக இருந்தான். ஆசாரி காதைக் குத்தியதே அவனுக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கத்தில் அழாமல் காது குத்திக்கொண்ட குழந்தை அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

"அண்ணே, நீ எதுல வந்தா என்ன, வாசமா வந்திருக்க" என்றாள் தீபா. மதியழகனுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ஆனந்தி அன்றைக்கு அவன் இலையில் ஒரு லட்டு கூடுதலாக வைத்தாள்.

ஆனாலும் அந்த மூன்று சாமான்கள் அவன் நெஞ்சில் கிடந்து உருண்டன. திங்கட்கிழமை மில் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நேராக பேகம்பூருக்குப் போனான். அங்கே நைனா முகமதுவின் பழைய சாமான் கடையில் கிடைக்காத உதிரிப் பாகம் இல்லை என்று மில்லில் சொல்லியிருந்தார்கள். சோற்று டப்பாவைத் திறந்து, ஸ்பிரிங்கையும் பல்சக்கரத்தையும் போல்ட்டையும் மேசைமேல் வரிசையாக வைத்தான்.

"பாய், இதெல்லாம் பைக்குல எங்க மாட்டுறதுன்னு மட்டும் சொல்லிருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

நைனா முகமது கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "பைக்குலயா? ஸ்பிரிங்கு இரும்புக் கேட்டுல வர்றது சார். பல்லு வச்சது தையல் மெஷினுது. இது கட்டில் போல்ட்டு."

"அப்ப என் வண்டியில என்ன குறையுது?"

"இது மூணும் இல்லாததுனால ஒண்ணும் குறையாது. இதெல்லாம் நம்ம கடைச் சாமான். வித்த சாமானைத் திருப்பிக் கொண்டு வந்து ஏமாத்திரக் கூடாதுன்னு நான்தான் பச்சைப் பொட்டு வைப்பேன்." பாய் சட்டென்று நிமிர்ந்தார். "இது எப்படி சார் உங்க கைக்கு வந்துச்சு?"

"எங்க வீட்டுல வண்டியக் கழட்டி மாட்டுறப்ப மிச்சமாக் கெடந்துச்சு பாய்" என்றான் மதியழகன். 

பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வெள்ளை ஸ்கூட்டியில ஒரு அக்கா வருவாங்க சார். 'எந்த பைக்குக்கும் சேராத சாமானா ஒண்ணு குடுங்க பாய்'னு கேட்டு வாங்கிட்டுப் போவாங்க. எதுக்குக்கான்னு கேட்டேன். 'எங்க வீட்டுக்காரரு கழட்டிப் போட்ட வண்டி முடிஞ்சிருச்சுன்னா, அடுத்தது இந்த ஸ்கூட்டிதான் பாய்'னாங்க."